ஏலக்காய்ச் சல்லடை சொல்லும் கணக்கு

பாயசத்தில் ஏலக்காய் வந்தால் ஓரமாக ஒதுக்கி வைப்பவரா நீங்கள்? இன்றைக்கு ஒதுக்க வேண்டாம். அதை வைத்து ஒரு கணக்குப் போடப் போகிறோம்.

எங்கள் தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர் ஏலக்காய்க்குப் பேர்போன ஊர். செடி பெரும்பாலும் வளர்வது மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். போடி, கம்பம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகப் பலர் காய் பறிக்கப் போவார்கள். ஏலச்செடியில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. ஒரே சரத்தில் முற்றிய காயும் இருக்கும், பிஞ்சும் இருக்கும். அதனால் ஒரே செடியில் பல தடவை பறிக்கிறார்கள். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காயை உலர்த்தினால் 1 கிலோ காய்ந்த ஏலக்காய் கிடைக்கும்.

அந்த ஒரு கிலோவில் பெரிசும் உண்டு, பொடிசும் உண்டு. பெரிய காய்க்கு விலை அதிகம். எனவே தரம் பிரிக்கச் சல்லடையில் போட்டுச் சலிப்பார்கள். 8 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் தங்கியது ஒரு ரகம். கீழே விழுந்ததை 7 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால், அதில் தங்குவது இன்னொரு ரகம். வியாபாரிகள் பேசும்போதே ‘எட்டு எம்.எம்.’, ‘ஏழு எம்.எம்.’ என்றுதான் சொல்வார்கள்.

இதைத்தான் உங்கள் கணக்குப் புத்தகம் ‘நிகழ்வெண் பட்டியல்’ என்கிறது. இரண்டு சல்லடைக் கண்களுக்கு நடுவில் உள்ள அளவு, ‘பிரிவு இடைவெளி’. அதில் விழுந்த காய்களின் எண்ணிக்கை, ‘நிகழ்வெண்’. அவ்வளவுதான். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

வாருங்கள், ஒரு பட்டியல் போடுவோம். முதல் டப்பாவில் 20 காய்கள். உயர்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் இருக்குமே வெர்னியர் அளவி, அதனால் அளந்ததாக வைத்துக்கொள்வோம். (எண்கள் கணக்குக்காக நான் எழுதியவை.) மில்லிமீட்டரில் அளவுகள் இதோ:

7.2, 6.5, 7.5, 6.8, 8.1, 7.0, 6.4, 7.1, 6.9, 5.8,
7.4, 6.2, 7.6, 6.6, 7.3, 6.1, 6.7, 7.8, 6.3, 7.9

பலர் இங்கே ஒரு தப்புச் செய்வார்கள். முதலில் ஆறு ஆறாகத் தேடுவது, பிறகு ஏழு ஏழாகத் தேடுவது என்று பட்டியலை நாலு தடவை சுற்றி வருவார்கள். எப்படியும் ஒன்று விட்டுப்போகும்! வரிசையாக ஒரே தடவை போங்கள். ஒரு எண்ணைப் படித்ததும் அதற்குரிய பிரிவில் ஒரு கோடு போட்டுவிட்டு, அந்த எண்ணைப் பென்சிலால் அடித்துவிடுங்கள். நாலு கோட்டுக்கு அடுத்த ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட வேண்டும். அப்போது ஐந்தைந்தாக எண்ணிவிடலாம். கடைசியில் நிகழ்வெண்களைக் கூட்டிப் பாருங்கள். 20 வராவிட்டால் எங்கோ ஒரு காய் உருண்டு ஓடிவிட்டது என்று அர்த்தம்.

முதல் டப்பா:
5 – 6 : 1
6 – 7 : 9
7 – 8 : 9
8 – 9 : 1
மொத்தம் : 20

“ஐயா, 7.0 அளவுள்ள காயை எங்கே போட்டீர்கள்? 6 – 7 என்பதிலும் 7 வருகிறது, 7 – 8 என்பதிலும் 7 வருகிறதே?” என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. மேல் எல்லையைத் தொட்ட எண் அடுத்த பிரிவுக்குப் போகும் என்று எண்ணத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆகவே அந்தக் காய் 7 – 8ல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தத் தொல்லை கிடையாது. 2011 கணக்கெடுப்பின் வயதுப் பட்டியலில் 0 – 4, 5 – 9, 10 – 14 என்று இருக்கும். முடிந்த வயதை முழு எண்ணாகச் சொல்வதால் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் யாரும் நிற்க முடியாது.

இப்போது இரண்டாவது டப்பா. இதிலும் 20 காய்கள்தான்:

5 – 6 : 8
6 – 7 : 2
7 – 8 : 2
8 – 9 : 8
மொத்தம் : 20

சராசரி பார்ப்போமா? பட்டியலிலிருந்து சராசரி காண, ஒவ்வொரு பிரிவின் நடுமதிப்பையும் (5.5, 6.5, 7.5, 8.5) அதன் நிகழ்வெண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். முதல் டப்பாவுக்கு 5.5 + 58.5 + 67.5 + 8.5 = 140. இரண்டாவதற்கு 44 + 13 + 15 + 68 = 140. இரண்டையும் 20 ஆல் வகுத்தால் சராசரி 7 மில்லிமீட்டர்!

ஆனால் இரண்டு டப்பாவும் ஒன்றா? முதலாவதில் முக்கால்வாசிக்கும் மேல் நடுத்தரக் காய்கள். இரண்டாவதில் பெரிய காய் எட்டு, பொடிக்காய் எட்டு. சராசரியை மட்டும் கேட்டு விலை பேசினால் யாராவது ஒருவர் ஏமாறுவார். பட்டியலைப் பார்த்தவர் ஏமாற மாட்டார்.

கொஞ்சம் பொறுங்கள், பட்டியலும் ஏமாற்றும்! பிரிவுகளை 5 – 7, 7 – 9 என்று அகலமாக வைத்துப் பாருங்கள். முதல் டப்பா: 10, 10. இரண்டாவது டப்பா: அதுவும் 10, 10. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன! எட்டு பெரிய காய்களும் எங்கே போயின? எங்கும் போகவில்லை. அகலமான பிரிவுக்குள் ஒளிந்துகொண்டன. சரி, மிகவும் குறுகலாக, 0.1 மில்லிமீட்டருக்கு ஒரு பிரிவு வைத்தால்? முதல் டப்பாவின் 20 காய்க்கும் 20 வரி வரும். அதற்குப் பட்டியலே தேவையில்லை. எனவே ஒரு பட்டியலைப் பார்த்தால், எண்களைப் படிக்கும் முன் பிரிவுகளைப் படியுங்கள். சல்லடைக் கண்ணை முடிவு செய்தவர் யார், ஏன் அப்படி வைத்தார் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. முதல் டப்பாவின் 20 அளவுகளையும் அப்படியே கூட்டினால் 139.2 வரும். உண்மையான சராசரி 6.96. பட்டியலில் வந்ததோ 7. பிரிவுக்குள் போட்டதும் ஒவ்வொரு காயின் சொந்த அளவும் மறைந்துவிடுகிறது அல்லவா? அதனால் வந்த சிறு வித்தியாசம் இது. ஆயிரக்கணக்கில் எண்கள் இருக்கும்போது இந்தச் சிறு நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே என் கட்சி.

போடியிலும், இடுக்கியில் உள்ள புத்தடியிலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் உள்ளன. அங்கே ஏலக்காய் குவியல் குவியலாக ஏலம் போகும். ஒவ்வொரு குவியலும் ஒரு ‘லாட்’. அதிகபட்ச விலை, சராசரி விலை என்ற இரண்டு எண்கள் செய்தித்தாளில் வரும். அதிகபட்ச விலையைக் கேட்டதும் எல்லா விவசாயிக்கும் அந்த விலை கிடைத்ததாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே எடையுள்ள 10 லாட்டில் ஒன்று கிலோ 3,000 ரூபாய்க்கும், மீதி ஒன்பது 2,000 ரூபாய்க்கும் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 2,100 ரூபாய். ஆனால் 2,100 ரூபாய்க்கு விற்றவர் ஒருவர்கூட இல்லையே! அதிக லாட்டுகள் எந்த விலைக்குப் போயின என்பதை நிகழ்வெண் பட்டியல்தான் காட்டும். இங்கே அது 2,000. அதற்கு ‘முகடு’ என்று பெயர்.

நீங்களும் செய்து பாருங்களேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் ஓரத்தில் 6, 7, 8 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று வெட்டுகள் போடுங்கள். பிளேடு வேலையைப் பெரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டில் உள்ள ஏலக்காய் ஒவ்வொன்றும் எந்த வெட்டில் நுழைகிறது, எதில் நுழையவில்லை என்று பார்த்துக் கோடு போடுங்கள். ஏலக்காய் இல்லையா? வறுத்த கடலையில் செய்யலாம், வெட்டின் அகலத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும். அதே காய்களுக்கு உங்கள் நண்பரை வேறு பிரிவுகள் வைத்துப் பட்டியல் போடச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அளந்த காய்களை மறக்காமல் டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிடுங்கள். ஏலக்காய் விற்கிற விலையில், ஒன்று குறைந்தாலும் அம்மா பட்டியல் போடாமலே கண்டுபிடித்துவிடுவார்!