தன்னியக்க இற்றைப்படுத்தலும் மின்னஞ்சல் அறிவிப்புச் சிக்கல்களும்

தன்னியக்க இற்றைப்படுத்தல் என்பது, சர்வர் எனப்படும் வழங்கிக் கணினியில் உள்ள மென்பொருள்கள் மனிதத் தலையீடின்றித் தாமாகவே புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளும் ஏற்பாடு ஆகும். மாற்றம் நடந்ததையோ தடைப்பட்டதையோ நிருவாகிக்குத் தெரிவிக்கப் பெரும்பாலும் மின்னஞ்சலே பயன்படுகிறது. அந்த அஞ்சல் வராமல் போனால், பாதுகாப்புத் திருத்தம் சேராத வழங்கி பல மாதங்கள் கவனிப்பாரின்றிக் கிடக்க நேரும்.

செயல்படும் முறை

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் குறித்த நேரத்தில் பணிகளை இயக்கும் நிரல் 'கிரான்' எனப்படும். பணியின்போது வெளிப்படும் செய்திகளை அது பணிக்கு உரியவருக்கு அஞ்சலாக அனுப்பும். இவ்வழக்கம் பிற்காலக் கருவிகளிலும் தொடர்கிறது.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்சு இயங்குதளங்களில் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' என்னும் கருவி பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நிறுவுகிறது. இதன் அறிக்கையை எப்போதும் பெறலாம். மாற்றம் நிகழ்ந்தால் மட்டும் பெறலாம். பிழை நேர்ந்தால் மட்டும் பெறலாம்.

இணையதளங்களை நடத்த உதவும் வேர்ட்பிரஸ், 2013 அக்டோபரில் வெளியான 3.7 பதிப்பில் தன்னியக்க இற்றைப்படுத்தலைக் கொண்டுவந்தது. 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பு, செருகுநிரல்களும் தாமாக மாறிக்கொள்ள வழி செய்து, அதுபற்றி மின்னஞ்சலும் அனுப்பத் தொடங்கியது.

அறிவிப்பு தவறுவதற்கான காரணங்கள்

• முகவரியோ அஞ்சல் நிரலோ இல்லாமை: மேற்கூறிய லினக்சுக் கருவியில் நிருவாகியின் முகவரியை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். வழங்கியில் அஞ்சல் அனுப்பும் நிரலும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அஞ்சல் வராது. இற்றைப்படுத்தல் மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

• நிறுத்திவைக்கப்படும் திருத்தம்: நிருவாகி மாற்றியமைத்த அமைவுக் கோப்பைப் பற்றி ஒரு மென்பொருள் கேள்வி கேட்க வேண்டிய நிலை வந்தால், கருவி அதை நிறுவாமல் விட்டுவிடும். நிருவாகி இதை அறிய அஞ்சலையோ பதிவுக் கோப்பையோ பார்த்தாக வேண்டும்.

• எரிதமாகக் கருதப்படுதல்: 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்கு அஞ்சல் அனுப்புவோர் அனைவரும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் என்னும் சான்றுமுறைகளில் ஒன்றையாவது பின்பற்ற வேண்டும் என விதித்தது. நாளொன்றுக்கு 5000 அஞ்சலுக்கு மேல் அனுப்புவோருக்கு இவ்விரண்டுடன் டிமார்க்கும் கட்டாயமானது. சிறிய வழங்கி நேரடியாக அனுப்பும் அஞ்சல் இச்சான்று இல்லாவிட்டால் திருப்பப்படலாம்.

• அஞ்சல் வழியே பழுதாதல்: இற்றைப்படுத்தலால் அஞ்சல் நிரலே செயலிழந்தால், அப்பழுதைச் சொல்ல வேண்டிய அஞ்சல் வழங்கியை விட்டு வெளியேறாது.

• அறிவிப்புச் சேவை நிறுத்தப்படுதல்: பாதுகாப்புச் சான்றிதழ்களை இலவசமாக வழங்கும் 'லெட்ஸ் என்கிரிப்ட்', சான்றிதழ் காலாவதியாகப் போவதை நினைவூட்டும் மின்னஞ்சல்களை 2025 ஜூன் 4 அன்று நிறுத்திவிட்டது. அந்த அஞ்சலை மட்டுமே நம்பியவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

• மிகுதி: நாள்தோறும் பத்து வழங்கிகளிலிருந்து 'எல்லாம் சரி' என்று அஞ்சல் வந்தால், பதினோராவதாக வரும் பிழைச் செய்தியும் படிக்கப்படாமலே நீக்கப்படும்.

துறைமுகக் கூண்டு தரும் பாடம்

வங்கக்கடலில் புயல் உருவாகும்போது காரைக்கால், நாகப்பட்டினம், கடலூர் போன்ற துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. இம்முறையில் 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. முதல் பத்து எண்களும் புயலின் தொலைவையும் கடுமையையும் பொறுத்தவை. 11ஆம் எண் மட்டும் வேறு வகை: வானிலை எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு துண்டிக்கப்பட்டுவிட்டது என்பதே அதன் பொருள்.

கூண்டு ஏற்றப்படாத கம்பத்தைப் பார்ப்பவர் கடல் அமைதியாக உள்ளது என்றே எண்ணுவார். செய்தி வராததால் கம்பம் வெறுமையாக இருந்தால் அந்த எண்ணம் உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் தொடர்பு அறுந்ததற்கும் தனிக் கூண்டு வைத்திருக்கிறார்கள். 'பிழை நேர்ந்தால் மட்டும்' அஞ்சல் அனுப்பும் வழங்கியிடம் இந்தப் பதினோராம் கூண்டு இல்லை. அஞ்சல் வராத நாளில், பிழை இல்லையா அஞ்சல்வழி இல்லையா என்று நிருவாகியால் பிரித்தறிய முடியாது.

தீர்வுகள்

• இற்றைப்படுத்தல் முடிந்ததும் வழங்கி மற்றொரு கணினிக்கு ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும். குறித்த நேரத்தில் அது வராவிட்டால், அந்த இரண்டாம் கணினி நிருவாகிக்கு எச்சரிக்கை தர வேண்டும். 'இதயத்துடிப்புக் கண்காணிப்பு' எனப்படும் இம்முறையே வழங்கிக்குப் பதினோராம் கூண்டு.

• அந்த எச்சரிக்கை, பழுதான அஞ்சல் வழியைச் சாராமல் குறுஞ்செய்தி போன்ற வேறு வழியில் வருவது நல்லது.

• அஞ்சல் நிரல் மாறிய ஒவ்வொரு முறையும் வெளி முகவரி ஒன்றுக்குச் சோதனை அஞ்சல் அனுப்பிப் பார்க்க வேண்டும்.

• வழக்கமான அறிக்கைகளை வாரத் தொகுப்பாகவும், பிழைகளை உடனடியாகவும் பெறுமாறு பிரித்துக்கொள்ளலாம்.

• மாதம் ஒருமுறையாவது வழங்கியின் பதிவுக் கோப்பை நேரில் திறந்து, கடைசி இற்றைப்படுத்தல் நடந்த நாளைப் பார்க்க வேண்டும்.