வாரேன்: வருவாளா, வரமாட்டாளா?

சென்ற ஆண்டு கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி தன் விடுமுறைக் கட்டுரையை இவ்வாறு முடித்திருந்தாள்: "ஆச்சி, வாரேன் என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினேன்." வழக்கம்போல் சிவப்பு மையால் 'வாரேன்' என்பதை அடித்து, 'வருகிறேன்' என்று எழுதி, அரை மதிப்பெண் குறைத்தேன். பிறகுதான் ஐயம் வந்தது. அடித்தது சரிதானா?

'வா' என்பது சிறிய சொல். ஆனால் பொல்லாத சொல். ஏவலில் வா, நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் வரு (வருகிறேன், வருவேன்), இறந்தகாலத்தில் வந்தேன். "வா 'வ' எனக் குறுகியது விகாரம், சந்தி தகரம் நகரமானதும் விகாரம்" என்று தேர்வுக்கு முன் நெட்டுருப் போடாத மாணவி உண்டோ? தாய்மாரும் போட்டிருப்பார்கள்.

இதற்கு எதிர்மறை வாய்பாடு ஒன்றும் உண்டு: வாரேன், வாரோம், வாராய், வாரீர், வாரான், வாராள், வாரார், வாராது. இங்கே காலம் காட்டும் இடைநிலையே இல்லை. ஆகவே 'வாரேன்' என்றால் நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை, நாளையும் வரமாட்டேன் என்று பொருள்படும்! நம் தாமிரபரணி வற்றாது என்கிறோமே, அந்த 'வற்றாது' இந்த இனத்தைச் சேர்ந்தது. எக்காலத்துக்கும் பொருந்தும்.

அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்றவர் போர்ச்சுகீசிய இயேசு சபைக் குரு அண்ட்ரிக் அடிகளார். இலத்தீன் இலக்கணத்தைப்போலத் தமிழ் வினைகளையும் வாய்பாடாக அமைத்துக் கற்றதை 1548-ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப் படி லிஸ்பன் நூலகத்தில் உள்ளது. இலத்தீனில் எதிர்மறைக்கு 'நோன்' என்ற சொல்லை வினைக்கு முன் வைத்தால் போதும். தமிழிலோ வினையே உருமாறுகிறது. அவர் எத்தனை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டாரோ!

அப்படியானால் நம் பேத்தி ஆச்சியிடம் "இனி வரமாட்டேன்" என்றா சொன்னாள்? இல்லை. நெல்லைப் பேச்சில் 'வருகிறேன்' என்பதன் 'கி' தேய்ந்து, முதலெழுத்து நீண்டுவிட்டது. மிஞ்சிய றகரம் 'கிறு' என்னும் இடைநிலையின் எச்சம். யாழ்ப்பாணத்தார் 'வாறன்' என்று வல்லின றகரம் இட்டு எழுதுவது இதனால்தான். ஆக, இரண்டு சொற்கள்: செய்யுளின் 'வாரேன்' மறுக்கிறது, திருநெல்வேலியின் 'வாறேன்' உடன்படுகிறது. காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

புறப்படுகிறவள் 'போகிறேன்' என்னாமல் 'வருகிறேன்' என்பதும் நம் வழக்கம். வருதலும் தருதலும் தன்மை முன்னிலைக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியர் பிரிக்கிறார். பேத்தி ஏறியது பள்ளிக்குச் செல்லும் பேருந்தில். சொன்ன வினையோ ஆச்சியிடம் திரும்பும் வினை.

மறுநாள் அந்த ஏட்டை மீண்டும் வாங்கினேன். அடித்த சொல்லை மறுபடி எழுதி, ரகரத்தை மட்டும் றகரமாக்கினேன். அரை மதிப்பெண்ணையும் சேர்த்துவிட்டேன்.