மருந்தே மூட்டுவலியாய் வரும்போது

சரவாங்கி வாதம் வந்த பெண்ணுக்குக் காலை வேளைதான் பெரும்பாடு. மலையூரான கரியாலூர்ப் பக்கம் மரவள்ளிக் காட்டில் வெயில் ஏறுமுன் களை கொத்த வேண்டும். இவளுக்கோ விரல் மடங்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும். மருந்து இல்லாமல் முடியாது. ஆனால் அந்த மருந்தை எத்தனை வருடம் சாப்பிடுவது, சாப்பிடும் காலத்தில் உடம்பில் எதைக் கவனிப்பது? சொல்ல ஆள் இல்லையே என்பதுதான் என் கவலை. அதிலும் இந்த முடக்குவாதத்துக்காக ஆன்டிபயாடிக்கை வருடக்கணக்கில் விழுங்குகிறவர்களை நினைத்தால் கவலை இரட்டிப்பாகிறது.

தொண்டைப் புண்ணுக்கு ஐந்து நாள் சாப்பிடும் மருந்துக்கு மூட்டில் என்ன வேலை? இந்த நோய்க்கு ஏதோ கிருமிதான் காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். 1930-களின் கடைசியில் ஸ்வீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர், சல்ஃபா மருந்தையும் ஆஸ்பிரின் குடும்பத்து மருந்தையும் இணைக்கும் முயற்சியில் இறங்கினார், பிறந்தது சல்ஃபாசலசைன். கிருமிக் கணக்கு பொய்த்தது, மருந்து நிலைத்தது. அமெரிக்காவில் தாமஸ் மெக்பர்சன் பிரவுன் டெட்ராசைக்ளின் வகையை நம்பினார். 1995-இல் அங்கே வெளியான ஆய்வில் 219 பேரை 48 வாரம் கவனித்தார்கள். அந்த வகையைச் சேர்ந்த மினோசைக்ளின் எடுத்தவர்களில் 54 சதவீதம் பேருக்கு மூட்டு வீக்கம் குறைந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களிலும் 39 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது. பலன் உண்டு; மிதமான பலன். மெத்தோட்ரெக்சேட் என்ற வாத மருந்து முன்னுக்கு வர, மினோசைக்ளின் பின்வரிசைக்குப் போனது. இதைச் சாப்பிட்டுத்தான் நடமாடுகிறோம் என்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை.

இந்த வகை மருந்துகளின் தொல்லைகளில் தலைசுற்றல், வயிற்றுப்போக்கு, பெண்களுக்குப் பூஞ்சையால் வரும் அரிப்பு இவையெல்லாம் சீக்கிரமே தெரிந்துவிடும். அதே வகை டாக்சிசைக்ளின் கேப்சூலை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயில் பட்டால் தோல் எரிந்து சிவக்கும். பொழுதுக்கும் காட்டில் நிற்பவருக்கு இது சின்ன விஷயமா? ரத்தசோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் ஒட்டாது.

மினோசைக்ளினை நெடுநாள் எடுத்தால் முழங்காலுக்குக் கீழே, ஈறில், நகத்தடியில் நீலம் பாய்ந்த கருமை படியலாம். வெள்ளைத் தோலில் அது பளிச்சென்று தெரியும். நம் நிறத்துக்குக் காலில் தெரியாது, பலருக்கு ஈறும் இயல்பிலேயே கறுப்பு. நகத்தையும் கண்ணின் வெள்ளையையும்தான் பார்க்க வேண்டும்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. மினோசைக்ளின் சிலருக்கு, பெரும்பாலும் இளம்பெண்களுக்கு, பல மாதங்களோ வருடங்களோ கழித்து லூபஸ் போன்ற ஒரு நோயைக் கிளப்பிவிடும். அதன் முக்கிய அடையாளமே மூட்டுவலிதான்! கூடவே காய்ச்சல், அசதி. பழைய நோய் முற்றிவிட்டது என்றுதான் அவளும் நினைப்பாள், வீட்டாரும் நினைப்பார்கள். மாத்திரை நீளும், வலியும் நீளும். மருந்தை நிறுத்தினாலே பெரும்பாலோருக்கு அது தணிந்துவிடும் என்பதுதான் வயிற்றெரிச்சல். சிலருக்குக் கல்லீரலும் அழற்சி காணும். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். மாத்திரை மட்டும் நிற்காது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது: ஏ.என்.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனை, கூடவே கல்லீரல் பரிசோதனை. அதற்குக் கரியாலூர்க்காரர் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சி வர வேண்டும். ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவர் கூலியும் போகும். வந்தும் என்ன? "என்ன மாத்திரைம்மா சாப்பிடுற?" "மஞ்ச கேப்சூலுங்க." அவ்வளவுதான் தெரியும். நாலு மாத்திரை கேட்டால் பட்டையைக் கத்தரித்துத் தருகிறார்கள். பெயர் அச்சிட்ட முனை வேறு யார் வீட்டுக்கோ போய்விடுகிறது. காகித உறையில் காலைக்கும் இரவுக்கும் ஒரு கோடு கிழித்திருக்கும், மருந்தின் பெயர் இருக்காது. பெயர் தெரியாத மருந்தின் மீது எந்த மருத்துவருக்குச் சந்தேகம் வரும்?

சல்ஃபாசலசைனுக்கும் இதே கதி. முதல் மூன்று மாதம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பார்த்தாக வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமானால் பயமில்லை. காய்ச்சலோடு தொண்டை புண்ணானால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும், வெள்ளணுக்கள் சரிந்திருக்கலாம்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அவற்றைக் கொண்டுவரும் பெண்ணே வாதக்காரரிடம் மூன்று கேள்வி கேட்கலாம்: அடங்கியிருந்த வலி காய்ச்சலோடு திரும்பியதா, கண் மஞ்சளா, கண் மங்கலோடு தலைவலி (இதுவும் இந்த மருந்தால் வரலாம்) உண்டா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மாத்திரைப் பட்டையோடு அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம். தாமாக எல்லா மாத்திரையையும் தூக்கி எறிவதும் ஆபத்து. அந்த உறையில் ஸ்டீராய்டும் இருந்தால், அதைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.