நிறைவைத் தேடும் பெற்றோரும் நிறையாத மனமும்

பொதிகையில் பிறந்து வரும் பொருநையோடு சிற்றாறு வந்து கூடும் இடம் சீவலப்பேரி. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இவ்வூரே என்பது தமிழ் பயில்வோர் அறிந்த செய்தி. இக்கூடலுக்குக் கீழே மருதூர் அணைக்கட்டு உள்ளது. தாமிரபரணியின் குறுக்கே அமைந்த எட்டு அணைக்கட்டுகளுள் அது ஏழாவது. ஆற்று நீர் முழுவதையும் அது தேக்கி வைப்பதில்லை. வயலுக்கு வேண்டியதைக் கால்வாயில் திருப்பிவிட்டு, எஞ்சியதைத் தன் மேலாக வழிந்தோட விடுகிறது. அதனாலேயே அது வெள்ளத்தைத் தாங்கி நிற்கிறது. பெற்றோராய் இருப்போர் இவ்வணைக்கட்டிடம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு.

களைப்பின் இயல்பு

ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து சமைக்கிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார். பின்னர்ச் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்ற அமர்கிறார். மாலையில் மகனின் வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் குறைந்திருப்பதைக் கண்டு வெகுண்டு அடித்துவிடுகிறார். இரவில், உறங்கும் பிள்ளையின் முகம் பார்த்து, 'நான் நல்ல தாயில்லையோ' என்று அழுகிறார். நெல்லைச் சீமையின் எத்தனையோ இல்லங்களில் இக்காட்சி உண்டு.

பணியில் ஈடுபட்டோர் உள்ளம் வற்றிப்போகும் நிலையை 1974 ஆம் ஆண்டில் விளக்கி எழுதியவர் நியூயார்க் உளவியலறிஞர் பிராய்டன்பெர்கர். பெற்றோர்க்கும் இந்நிலை உண்டு என்பதை அண்மைக் காலத்தில் விரிவாக ஆராய்ந்தோர் பெல்ஜிய நாட்டு அறிஞர்களான ரோஸ்காம், மிகோலாய்சாக் ஆகியோர். இதற்கு நான்கு அடையாளங்களை அவர்கள் கூறுவர். பிள்ளையை எண்ணும்போதே சோர்வு தோன்றுதல். முன்பிருந்த பெற்றோராகத் தாம் இப்போது இல்லை என்று வருந்துதல். பெற்றோராய் இருப்பதிலேயே சலிப்புறுதல். பிள்ளைக்கு வேண்டியவற்றைச் செய்துகொண்டே மனத்தளவில் விலகிப் போதல். இவற்றுள் இறுதியானதே பேரிடர். சோறும் உடையும் குறைவின்றிக் கிடைக்கும். அன்பு மட்டும் எட்டாத தொலைவில் நிற்கும்.

2021 ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் ஆய்வு 42 நாடுகளின் பெற்றோரை உட்கொண்டது. தனிமனித நோக்கு மிகுந்த நாடுகளில் இக்களைப்பு மிகுதி என்பது அதன் முடிவு. பாட்டியும் அத்தையும் சித்தியும் பகிர்ந்து சுமந்த பாரத்தை ஒருவரே சுமக்கும் இல்லங்கள் நம்மிடையேயும் பெருகி வருகின்றன என்பதை இங்கு நினைவுகூர்தல் நலம்.

குறையின்மை என்னும் நோய்

பாரம் மிகுவதற்கு மற்றொரு காரணம், குறையே இருத்தலாகாது என்னும் வேட்கை. ஹெவிட், பிளெட் என்னும் உளவியலறிஞர் 1991 இல் இதனை மூவகையாகப் பிரித்தனர். தன்னிடம் குறையின்மையை எதிர்பார்த்தல் ஒன்று. பிறரிடம் எதிர்பார்த்தல் மற்றொன்று. பிறர் தம்மிடம் அதனை எதிர்பார்க்கின்றனர் என்று அஞ்சுதல் மூன்றாவது. 'ஊரார் என்ன சொல்வார்கள்?' என்னும் நம் வீட்டுச் சொல் இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

சரியாகச் சுற்றப்படாத பீடியைக் கடையில் கழித்துவிடுவர். அவ்வளவுகோலைப் பிள்ளைக்கும் தமக்கும் கொண்டுவருவது முறையாகுமா? பொதுத்தேர்வில் மாநில முதலிடப் பட்டியல் வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017 இல் கைவிட்டது. அரசு கைவிட்ட பட்டியலை நம் வீடுகள் இன்னும் கைவிடவில்லை.

போதுமான பெற்றோர்

ஆங்கில நாட்டுக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வின்னிகாட், 'போதுமான தாய்' என்னும் கருத்தை வழங்கினார். பச்சிளம் பருவத்தில் தாய் குழந்தையின் தேவைக்கு ஏறத்தாழ முழுமையாக இணங்குகிறாள். குழந்தை வளர வளர, அது தாங்கும் அளவிற்கு ஏற்பச் சிறிது சிறிதாகத் தவறவும் செய்கிறாள். அச்சிறு தவறுகளே உலகம் தன் விருப்பப்படி இயங்காது என்பதைக் குழந்தைக்குக் கற்பிக்கின்றன என்பது அவர் கொள்கை. ஆகவே குறையற்ற தாய் என்பவள் குழந்தைக்குத் தேவையே அன்று.

இவ்வுண்மை நம் முன்னோர்க்கும் புதிதன்று. பிள்ளைத்தமிழ் குழந்தையைப் பருவம் பருவமாகவே பாடுகிறது. செங்கீரை ஆடும் குழந்தையை நடந்து வரும்படி அழைப்பதில்லை. மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர், இதே பொருநைக் கரையில் உள்ள ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். ஐந்து வயது வரை அவர் பேசவில்லை என்பது வழிவழிச் செய்தி. அவரைப் பெற்றோர் அன்று என்ன பாடுபட்டிருப்பர்! ஆயினும் பேசாத அப்பிள்ளையின் நாவிலிருந்தே பின்னாளில் தமிழ் பெருகியது. பிள்ளையின் காலக்கணக்கு பெற்றோரின் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை.

செய்யத் தக்கன

நாளொன்றுக்குத் தவிர்க்க இயலாத பணிகள் இரண்டு மூன்றைத் தெரிந்துகொண்டு, மற்றவற்றைக் குறைபட விடுவதற்குப் பழகுதல் வேண்டும். தந்தையர் பொறுப்பில் பங்கேற்க வேண்டும். அதனைத் தாய்க்குச் செய்யும் உதவியாகக் கருதாது தம் கடமையாகவே கருத வேண்டும். சினத்தால் தவறிழைத்தால், 'அம்மா செய்தது தவறு' என்று பிள்ளையிடம் ஒப்புக்கொள்வதில் இழிவில்லை. தவறியவர் திருந்தலாம் என்பதைப் பிள்ளை அங்குக் கற்கிறது. உறக்கமின்மை நாள்தோறும் தொடர்ந்தாலோ, பிள்ளையையோ தன்னையோ துன்புறுத்தும் எண்ணம் எழுந்தாலோ, காலந்தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும். 2022 இல் தொடங்கப்பெற்ற 'டெலி மனஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

வள்ளுவர் மக்கட்பேற்றை அடுத்து அன்புடைமையை வைத்தார். பிள்ளையைப் பெற்ற பின் முதற்கண் வேண்டப்படுவது எது என்பதை அவ்வைப்புமுறையே உணர்த்தும். அவ்வன்பு வற்றாதிருக்க வேண்டுமாயின், தாங்க இயலாததை வழிந்தோட விடுதல் வேண்டும். மருதூர் அணைக்கட்டு ஆற்று நீர் முழுவதையும் பிடித்து வைக்கவில்லை. ஆயினும் அதன் கால்வாய்களால் வயல்கள் விளைகின்றன.