கோப்பிக் கடைக் குழூஉக்குறி

சென்னையிலிருந்து புதிதாக வந்தவர் சிங்கப்பூர் மளிகைக் கடையில் "மூணு வெள்ளி" என்று கேட்டால், கிழமையைத்தான் நினைப்பார். இங்கே வெள்ளி என்றால் டாலர். வெள்ளி நாணயம் புழங்கிய காலத்துப் பெயர் அது. நாணயம் போய்த் தாள் வந்தது, அட்டை வந்தது, இப்போது கைப்பேசியை நீட்டுகிறோம். பெயர் அசையவில்லை. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழ் இன்றும் வெள்ளிக் கணக்கில்தான் எழுதுகிறது.

எல்லாச் சொல்லுக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. சிராங்கூன் சாலை வட்டாரத்தை அன்றைய தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். சுண்ணாம்பும் செங்கல்லும் சுட்ட இடம். மலாய்க்காரர்கள் சொன்ன கம்போங் கப்பூருக்கும் அதே பொருள்தான். மலாய்ப் பெயர் ஒரு சாலைப் பலகையில் ஏறிப் பிழைத்துக்கொண்டது. நம் பெயருக்குப் பலகை வாய்க்கவில்லை. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் எந்த ஊர் என்று கேட்பார்கள்.

பலகை இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. அதே சாலையில் உள்ள தேக்கா சந்தையைப் பாருங்கள். பெயரைக் கேட்டதும் நமக்குத் தேக்கு மரம் நினைவுக்கு வரும். உண்மையில் அது ஹொக்கியன் என்ற சீன வழக்கின் சொல், மூங்கிலடி என்று பொருள். அதே இடத்தில் மாட்டுத் தொழுவங்களைக் கண்ட மலாய்க்காரர்கள் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைப்பட்டி என்றார்கள். எருமைப் பெயர் பக்கத்து மகப்பேறு மருத்துவமனைக்குப் போய் "கேகே" என்று சுருங்கியது. 1966இல் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் அங்கே பிறந்தன. சந்தைக்குத் தமிழர்கள் சீனப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். 1980களின் தொடக்கத்தில் புதுக் கட்டடம் எழுந்தபோது, மாண்டரின் உச்சரிப்பில் ஜூஜியாவ் நிலையம் என்று எழுதிவைத்தார்கள். ஆட்டிறைச்சி வாங்கப் போனவர்கள் தேக்காவுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். 2000இல் பலகைதான் இறங்கிவந்தது: தேக்கா நிலையம்.

இதைவிட எனக்குப் பிடித்தது கோப்பிக் கடைப் பேச்சு. "தே" என்றால் கெட்டிப்பால் ஊற்றிய டீ. "ஓ" சேர்த்தால் பால் கிடையாது. "சி" என்றால் இனிப்பில்லாத டின் பால். "கோசோங்" மலாய்ச் சொல். வெறுமை, அதாவது சீனி வேண்டாம். "காவ்" என்றால் திடமாக. மைலோவுக்கு ஒரு காலத்தில் "தாக் கியூ" என்று பெயர்: ஹொக்கியனில் பந்து உதைப்பது. டின்னில் காற்பந்து வீரர் படம் இருந்ததுதான் காரணம். டீப்பையை முக்கி முக்கி எடுப்பதால் அந்த டீக்கு "தியாவ் ஹீ", மீன்பிடித்தல். வெள்ளைச் சோயாப்பாலில் கறுப்பு ஜெல்லி போட்டால் மைக்கேல் ஜாக்சன்! எதையும் மறைக்க உருவான குழூஉக்குறி அல்ல இது. மேசையிலிருந்து கலக்குகிறவர் காதுக்கு, இரைச்சலைத் தாண்டி, ஒரே மூச்சில் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ராமநாதபுரத்திலிருந்து வேலைக்கு வரும் தம்பிகள் ஆங்கிலத்துக்கு முன்னால் கோசோங்கைக் கற்றுக்கொள்வது அதனால்தான்.

இப்போது பல உணவங்காடிகளில் தொடுதிரை வந்துவிட்டது. சீனி வேண்டாம் என்றால் கத்த வேண்டியதில்லை, ஒரு பொத்தான் இருக்கிறது. நான் பார்த்த திரை எதிலும் தாக் கியூ இல்லை. மைலோ என்றே போட்டிருந்தது, படத்தோடு, விலையோடு.