உஷார்! ‘பதினெட்டுன்னு போட்டுக்கலாமுங்களா?’

பள்ளிபாளையம் பக்கம் ஒரு தறிக்காரத் தெரு. காலை ஒன்பது மணி. ஒரு வீட்டுத் திண்ணையில் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே தறி ஓடுகிறது, அதனால் எல்லாரும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுகிறார்கள். பைக்கில் வந்த குழு லோன் தம்பி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஆதாரை வாங்கிப் போட்டோ பிடித்து, கேள்வி கேட்கிறார்.

“வீட்டுக்காரருக்கு மாசம் எவ்வளவுங்கக்கா வருது?”

“அதெங்கீங்க தம்பி சொல்றாரு? வாரம் ரெண்டாயிரம் கையில குடுப்பாரு. மிச்சம் எனக்குத் தெரியாதுங்க.”

“சரி, பதினெட்டுன்னு போட்டுக்கலாமுங்களா?”

“போட்டுக்குங்க.”

“உங்களுக்குத் தார் சுத்துறதுல?”

“மூவாயிரம் வருமுங்க.”

மொத்தம் இருபத்தோராயிரம். தம்பி தட்டிவிட்டு அடுத்த அக்காவைக் கூப்பிட்டுவிட்டார். ஒரு வீட்டின் வருமானம் அரை நிமிடத்தில் பிறந்துவிட்டது. அந்த வீட்டில் இருக்கும் ரெண்டு பேரும் அந்த எண்ணை உட்கார்ந்து பேசியதே இல்லை.

இதில் என்ன ஆபத்து என்கிறீர்களா? அந்த எண்தான் ஆபத்து.

2022 மார்ச் 14-ஆம் தேதி ரிசர்வ் வங்கி குழு லோன்களுக்கு, அதாவது நுண்கடனுக்கு, ஒரு விதி போட்டது. அந்த ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் வருட வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருந்தால், அடமானம் இல்லாமல் அதற்குக் கொடுக்கும் கடன் நுண்கடன். எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டுகிற தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வண்டி டியூ, நகை லோன் வட்டி எல்லாமே அந்தப் பாதிக்குள்தான். நல்ல விதி. 2010-இல் ஆந்திராவில் நுண்கடன் பட்ட பாட்டுக்குப் பிறகு யோசித்து யோசித்து வந்து சேர்ந்த இடம் இது.

ஆனால் பாதி என்றால் எதில் பாதி? இருபத்தோராயிரத்தில் பாதி பத்தாயிரத்து ஐநூறு. அந்த வீட்டுக்காரருக்கு நிஜமாகக் கையில் வருவது பன்னிரண்டாயிரம்தான் என்று வையுங்கள். மொத்தம் பதினைந்து, பாதி ஏழாயிரத்து ஐநூறு. நடுவில் நிற்கிற மூவாயிரம் ரூபாய் இருக்கிறதே, அதுதான் மாதாமாதம் அரிசியிலிருந்தும், பிள்ளையின் ஸ்கூல் பீஸிலிருந்தும், கடைசியில் கந்து வட்டிக்காரனிடமிருந்தும் எடுத்துக் கட்டப்போகிற பணம். ‘போட்டுக்குங்க’ என்ற ஒரு சொல்லின் விலை மாதம் மூவாயிரம்.

பன்னிரண்டு எப்படிப் பதினெட்டானது என்று அந்தத் தம்பியைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு டார்கெட். வீட்டில் தெரிந்திருந்தால் அவர் போட்டிருக்க முடியாது.

வீட்டுக்காரர் ஏன் சொல்லவில்லை? இங்கேதான் ‘பாக்கி’ வருகிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கத்தில் தறிக்குச் சேரும்போது முதலாளியிடம் வாங்குகிற முன்பணத்துக்கு அதுதான் பேர். கேட்டால் கடன் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்; ‘பாக்கி வாங்கியிருக்கேன்’ என்பார்கள், ஏதோ முதலாளிதான் பாக்கி வைத்திருப்பது போல. தங்கச்சி கல்யாணம், அப்பாவின் ஆபரேஷன், காதுகுத்து என்று வாங்கினது. அது தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் புது முதலாளி பழைய பாக்கியை அடைத்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆள் மாறுவான், பாக்கி கூடவே வரும். வாரக் கூலியில் அதற்கென்று பிடிப்பதும் உண்டு. ஆளைக் கட்டிப்போடுகிற கடனைச் செல்லாது என்று சொன்ன கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. தெருவுக்குள் அது வந்த மாதிரி தெரியவில்லை.

கவனியுங்கள், இதுதான் முக்கியம். நீங்கள் ஏற்கெனவே வாங்கிய லோன்களைக் கடன் கொடுப்பவர்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் பார்ப்பார்கள். பாக்கி அதில் வராது. கைமாத்து வராது. தண்டல்காரரிடம் வாங்கியது வராது. கம்ப்யூட்டருக்குத் தெரியாத அந்தக் கடன்கள் தெரியக்கூடிய ஒரே இடம் வீடு. வீட்டிலும் அவருடையது அவருக்கு, இவருடையது இவருக்கு என்று இருந்தால், அந்தக் குடும்பத்தின் மொத்தக் கடன் எவ்வளவு என்று தெரிந்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை.

ஒருவரும் இல்லை என்றா சொன்னேன்? தப்பு. ஒருவருக்குத் தெரியும்.

2025 ஜூலையில் பள்ளிபாளையத்தின் பேர் நாடு முழுக்க அடிபட்டது. விசைத்தறிக் கூலிகளைக் குறிவைத்து, கடனை அடைத்துவிடலாம் என்று ஆசை காட்டி, கிட்னியை விற்க வைத்த புரோக்கர்கள் பற்றிய செய்தி. அரசு விசாரணைக் குழு அனுப்பியது. இரண்டு தனியார் மருத்துவமனைகளுக்கு உறுப்பு மாற்று ஆபரேஷன் செய்யக் கொடுத்திருந்த அனுமதியை நிறுத்தியது. ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவையே அமைத்தது.

எல்லாரும் மருத்துவமனையைப் பற்றிப் பேசினார்கள். என் தலைக்குள் ஓடியது வேறு கேள்வி. இத்தனை ஆயிரம் வீடு இருக்கிற ஊரில் எந்தக் கதவைத் தட்டலாம் என்று புரோக்கருக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்து பாருங்கள், தெரிந்துவிடும். ‘அவன் மூணு டியூ கட்டலையாமா.’ ‘அவன் தறிக்காரர்கிட்ட லட்சத்துக்கு மேல பாக்கியாமா.’ சம்சாரத்திடம் சொல்லக் கூச்சப்படுகிற மனுசன், ரெண்டு கட்டிங் போட்டபிறகு பக்கத்து டேபிளுக்கே சொல்லிவிடுகிறான். நம் வீட்டுக் கணக்கு வெளியே திறந்து கிடக்கிறது, வீட்டுக்குள்தான் பூட்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1994-ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டப்படி காசுக்கு உறுப்பு கொடுப்பது, வாங்குவது, புரோக்கர் வேலை பார்ப்பது எல்லாமே குற்றம். ஐந்து முதல் பத்து வருடம் ஜெயில், இருபது லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். ‘கொடுத்தவனுக்கு ஒண்ணும் ஆகாதுங்க’ என்று சொல்பவன் பொய் சொல்கிறான். சொந்தம் இல்லாதவருக்கு உறுப்பு கொடுக்க ஒருவர் போனால், அனுமதிக் குழு அவருடைய வீட்டாரையும் கூப்பிட்டு, ‘இவர் கொடுக்கப்போவது உங்களுக்குத் தெரியுமா, எதற்காகக் கொடுக்கிறார்?’ என்று கேட்க வேண்டும் என்று 2014-ஆம் வருட விதிகளில் இருக்கிறது. அதாவது சட்டம் கடைசியில் வந்து நிற்கிற கேள்வியே, ‘வீட்டுக்குத் தெரியுமா?’

சரி, இது கூலிக்காரர் கதை, எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது, லாரி இருக்கிறது, கோழிப் பண்ணை இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டப்போகிறவர்களே, ஈமு கோழி ஞாபகம் இருக்கிறதா? பெருந்துறையில் சுசி ஈமு ஃபார்ம்ஸ். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, மாதம் ஆறாயிரம் பராமரிப்புப் பணம், வருடம் போனஸ். டிவியில் சினிமாக்காரர்கள் வந்து சொன்னார்கள். 2012 ஆகஸ்டில் கம்பெனி சாத்திவிட்டுப் போனது. தீவனம் போட ஆளில்லாமல் பறவைகளுக்கு அரசாங்கம் தீனி போடவேண்டி வந்தது. எங்கள் சொந்தத்தில் ஒரு மாமா திருச்செங்கோட்டுப் பக்கம். அவர் பணம் கட்டியது அத்தைக்குத் தெரிந்தது எப்போது என்றால், கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போக ஆரத்தை எடுக்கப் பீரோவைத் திறந்தபோது. ஆரம் இருந்த டப்பாவில் அடகுச் சீட்டு இருந்தது. அத்தை அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மஞ்சள் கயிற்றோடு கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போனார். அதை யாரும் மறக்கவில்லை.

சேலம் அம்மாப்பேட்டையில் 2025 ஜனவரியில் நடந்தது இன்னும் பச்சையாக இருக்கிறது. அறக்கட்டளை என்று பேர், கல்யாண மண்டபத்தில் வசூல், பணம் பெருகித் திரும்பும் என்று வாக்கு. போலீஸ் போனபோது கோடிக்கணக்கில் ரொக்கம் கிடைத்தது. இந்த மாதிரி இடங்களுக்கு என்றே ஒரு பேச்சு உண்டு: ‘இப்போதைக்கு வீட்ல சொல்லாதீங்க, பணம் வந்ததும் ஒரேயடியா சர்ப்ரைஸ் குடுங்க.’ இந்த வாக்கியம் காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல முதலீடு எதற்கும் உங்கள் சம்சாரத்திடமிருந்து ஒளிய வேண்டிய அவசியம் இல்லை.

நம் ஊரில் ஒரே மனுசனுக்கு நாலு சம்பளம். மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பத்தில் வருடம் இரண்டரை லட்சத்துக்குள். பெண் பார்க்கப் போகும்போது மாதம் அறுபதாயிரம், அதுவும் ‘ரிக் வண்டியில பங்கு இருக்குதுங்க’ என்ற துணுக்கோடு. லோன் பார்மில் அந்தத் தம்பி போட்டது. டீக்கடையில் ‘எங்கீங்க மிச்சம் ஆவுது’. இதில் எது நிஜம் என்று அவருக்கே மறந்துபோயிருக்கும். சிரிக்கலாம்தான். ஆனால் ஐந்தாவதாக ஒரு எண், வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் சொல்கிற நிஜ எண், எத்தனை வீட்டில் இருக்கிறது?

பெண்கள் பக்கத்திலும் மறைப்பு உண்டு, சொல்லாமல் விட்டால் தப்பு. ஆனால் நான் சிறுவாட்டுப் பணத்தைச் சொல்லவில்லை. 2016 நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்ததும், அரிசிப் பானையிலிருந்தும் பூஜை அறையிலிருந்தும் சிறுவாடு வெளியே வந்து வீட்டுக்கு வீடு குட்டு உடைந்ததே, அந்தப் பணத்தில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. குடிக்கிற, அடிக்கிற ஆள் இருக்கிற வீட்டில் அதை ஒளித்துத்தான் வைக்க வேண்டும். சொல் என்று யாரும் புத்தி சொல்லக் கூடாது. ஒளித்த சேமிப்பு ஒரு நாள் கைகொடுக்கும். ஒளித்த கடன் வட்டியோடு வாசலுக்கு வரும். நாலாவது குழுவில் அடுத்த வீட்டு அக்காவுக்காக உங்கள் பேரில் எடுத்துக் கொடுத்த லோன் இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள். தவணை அவள் கட்டாவிட்டால் கட்ட வேண்டியது நீங்கள்தான், ஆதார் உங்களுடையது.

எப்படிப் பேசுவது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வழி. ‘எவ்வளவு சம்பாதிக்கிறீங்க?’ என்று ஆரம்பித்தால் சண்டைதான் வரும். ‘நாம யாருக்கெல்லாம் எவ்வளவு கட்டணும்?’ என்று ஆரம்பியுங்கள். கூலி நாள் சாயங்காலம், பிள்ளைகள் டிவி பார்க்கிற நேரம், ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். அவர் பாக்கியைச் சொல்லட்டும், நீங்கள் குழுக்களைச் சொல்லுங்கள். யாருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்பதையும் விடாமல் எழுதுங்கள். நம் பக்கத்தில் பெரிய குடும்பங்களைச் சாய்த்தது சொந்தக் கடனை விட மச்சானுக்குப் போட்ட ஜாமீன்தான்.

பேர் தெரியாத லோன் ஏதாவது உங்கள் தலையில் இருக்கிறதா என்று பார்க்க, சிபில், கிரிஃப் ஹைமார்க் போன்ற நாலு கம்பெனிகளும் வருடத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் போனிலேயே எடுத்துக் கொடுத்துவிடும். குழு லோனுக்கு உங்களுக்குப் புரிகிற மொழியில் லோன் கார்டு தர வேண்டும், தராவிட்டால் கேளுங்கள். வசூலுக்கு என்று காலை ஒன்பதுக்கு முன்னும் சாயங்காலம் ஆறுக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறவர்களைத் தடுக்கத்தான் தமிழ்நாடு அரசு 2025-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. ரிசர்வ் வங்கிக்குப் புகார் சொல்ல 14448.

வெளியாளிடம் மட்டும் வாயை மூடுங்கள். வீட்டுக்காரர் சம்பளத்தையும் உங்கள் கடனையும் கேட்கிற எவருக்கும் ‘நான் கேட்டுச் சொல்றேனுங்க’ என்று ஒரு நாள் தவணை சொல்லுங்கள். லோன் தம்பிக்கும் அதேதான்.

மேலே சொன்ன திண்ணையில் அடுத்த குழு மீட்டிங் வருகிற செவ்வாய்க்கிழமை. அந்த பைக் காலை ஒன்பது மணிக்கு வரும். கூலி நாளுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இரண்டு ராத்திரிதான் இருக்கிறது.