பெட்டிக்குள் சிறை இருக்கும் சினிமா வீரர்கள்!

ஒரு சாண் உயரம். நீல உடை. சிவப்பு அங்கி. மார்பில் முத்திரை.

பார்த்த உடனே "சூப்பர்மேன்!" என்று குழந்தைகள் கூவும். கையில் எடுத்துப் பறக்க விடும்.

ஆனால் அமெரிக்காவில் பல வீடுகளில் இந்த சூப்பர்மேன் பறப்பது இல்லை. பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை! கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டு இருக்கிறார். பூட்டி வைத்து இருப்பவர் குழந்தை அல்ல. தலை நரைத்த பெரியவர்!

தபால் தலை சேர்ப்பது போல, சினிமா வீரர்களின் பொம்மைகளைச் சேர்க்கிறவர்கள் இவர்கள்.

பெயரை மாற்றினார்கள்

1964-ம் ஆண்டில் "ஹாஸ்புரோ" என்ற கம்பெனி ஒரு சிப்பாய் பொம்மையை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பெயர், ஜி.ஐ.ஜோ. ஒரு அடி உயரம். கை, காலை மடக்கலாம். உடையை மாற்றலாம்.

அதில் ஒரு சங்கடம். பொம்மை என்றால் பெண் பிள்ளைகள் விளையாடுவது. பையன்கள் தொட மாட்டார்கள் என்பது அந்த நாள் எண்ணம். எனவே, "பொம்மை" என்ற பேச்சையே கம்பெனி எடுக்கவில்லை. "ஆக்‌ஷன் பிகர்" என்று புதுப்பெயர் சூட்டியது. பையன்கள் ஆசையோடு வாங்கினார்கள்!

1972-ல் "மீகோ" கம்பெனி வந்தது. சூப்பர்மேன், பேட்மேன், ராபின் ஆகியோரை 8 அங்குல உயரத்தில் செய்தது. துணியில் தைத்த உடை.

முதலில் வந்த பேட்மேனுக்கு முகமூடியைக் கழற்றி மாட்டலாம். பிறகு வந்த பேட்மேனுக்கு முகமூடியும் தலையும் ஒன்றாகி விட்டன. கழற்றும் முகமூடி சுண்டைக்காய் போன்றது. மெத்தைக்கு அடியில் போனால் போனதுதான். அதனால்தான் முகமூடியோடு கிடைக்கும் பேட்மேனுக்கு இன்று அத்தனை மவுசு!

கை நழுவிய அதிர்ஷ்டம்

1976-ல் மீகோவின் கதவை அதிர்ஷ்டம் தட்டியது. "ஸ்டார் வார்ஸ்" படத்துக்குப் பொம்மை செய்யும் உரிமை தேடி வந்தது. மீகோ "வேண்டாம்" என்று சொல்லி விட்டது!

அந்த உரிமையைக் "கென்னர்" கம்பெனி வாங்கியது. 1977-ல் படம் வெளியாகி, பிரமாதமாக ஓடியது. கிறிஸ்துமஸ் நெருங்கியது. பொம்மையோ தயாராகவில்லை. கென்னர் என்ன செய்தது தெரியுமா? உள்ளே பொம்மையே இல்லாத அட்டையை விற்றது! அதில் இருந்த சீட்டை அனுப்பினால், அடுத்த ஆண்டு 4 பொம்மைகள் தபாலில் வந்து சேரும். பொம்மை இல்லாத பொம்மையையும் பெற்றோர்கள் வாங்கினார்கள். பிள்ளைகளின் பிடிவாதம் அப்படி!

1978 டிசம்பரில் "சூப்பர்மேன்" படம் திரைக்கு வந்தது. கதாநாயகன் கிறிஸ்டோபர் ரீவ். அவருடைய தந்தையாக நடித்தவர் மார்லன் பிராண்டோ. இந்தப் படத்துக்கு மீகோ பெரிய பொம்மைகளாகவே செய்தது. 12 அங்குலத்துக்கும் மேல் உயரம். சூப்பர்மேன், தந்தை ஜோர்-எல், வில்லன் லெக்ஸ் லூதர், தளபதி ஜோட் என்று 4 பேர்.

ஆனால் பிள்ளைகளின் மனம் கென்னரின் சின்ன பொம்மைகளுக்குத் தாவி விட்டது. அவை 4 அங்குலம்கூட இல்லை. சட்டைப்பையில் போட்டுக் கொள்ளலாம். 1982-ல் மீகோ திவால் மனு கொடுத்தது.

ஆள் மாறாட்டம்!

1989-ல் "பேட்மேன்" படம் வந்தது. மைக்கேல் கீட்டன் நடித்தது. அந்தப் பொம்மையின் தாடை உருண்டையா, சதுரமா என்று சேகரிப்போர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். ஒரே பொம்மை; அச்சு வேறு.

1992-ல் "பேட்மேன் ரிட்டர்ன்ஸ்" வந்தது. வில்லன் பென்குயினாக நடித்தவர் டேனி டிவிட்டோ. கென்னர் விற்ற பென்குயின் பொம்மையில் அவர் ஜாடையே இல்லை! 1984-ல் செய்த பழைய பொம்மையின் அச்சை எடுத்து, வேறு வர்ணம் பூசி விட்டார்கள். அதோடு ராபின் பொம்மையும் வந்தது. படத்திலோ ராபினே கிடையாது!

கோர்ட்டில் வழக்கு

இந்தப் பொம்மைகள் கோர்ட்டு படியும் ஏறின.

அமெரிக்காவில் மனித உருவ பொம்மைக்கு ஒரு காலத்தில் 12 சதவீத இறக்குமதி வரி இருந்தது. மற்ற விளையாட்டுச் சாமானுக்கு 6.8 சதவீதம். "எங்கள் ஜி.ஐ.ஜோ மனித பொம்மை அல்ல" என்று ஹாஸ்புரோ வாதாடியது. 1989-ல் தோற்றது.

பிறகு "டாய் பிஸ்" கம்பெனி வழக்குப் போட்டது. "எங்கள் எக்ஸ்-மென் வீரர்களுக்கு நகமும் இறக்கையும் இருக்கின்றன. அவர்கள் மனிதர்களே அல்ல" என்று வாதம். 2003-ல் கோர்ட்டு ஒப்புக் கொண்டது. வரி குறைந்தது. "நாங்களும் மனிதர்களே" என்று போராடுவதுதான் எக்ஸ்-மென் கதை. ரசிகர்களுக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா!

விலை ஏறுவது ஏன்?

1970-களில் பிள்ளைகள் பொம்மையோடு விளையாடினார்கள். தொட்டியில் முக்கினார்கள். கையை ஒடித்தார்கள். மீதியை வீடு ஒழிக்கும்போது அம்மா குப்பையில் போட்டாள். தப்பியவை கொஞ்சம். அதனால் விலை ஏறியது. 2024-ல் ஸ்டார் வார்ஸ் வரிசையில் ஒரு மாதிரி பொம்மை 5 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. கடைக்கே வராத பொம்மை அது!

இதைக் கேள்விப்பட்டவர்கள் 1990-களில் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினார்கள். பிரிக்கவே இல்லை. எல்லோரும் பத்திரமாக வைத்து இருந்ததால், எல்லோரிடமும் இருக்கிறது. வாங்க ஆள் இல்லை. அந்தக் காலத்து பேட்மேன் பொம்மைகள் பல இன்றும் அற்ப விலைக்குக் கிடைக்கின்றன. பிள்ளையின் படிப்புக்கு ஆகும் என்று பரண் நிறைய சேர்த்தவர்களின் நிலை பரிதாபம்தான்.

சேர்ப்பதில் தொல்லையும் உண்டு. வெயில் பட்டால் சிவப்பு அங்கி வெளுத்துப் போகும். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் மூடி மஞ்சளாகும். தொலைந்து போன முகமூடி, கையுறைகளுக்குப் புதிதாகப் போலி செய்து விற்கிறார்கள். போலி என்று சொல்லி விற்றால் தப்பு இல்லை. சொல்லாமல் விற்பவர்களும் இருக்கிறார்கள். எனவே பொம்மைக்கு மார்க் போட்டு, கண்ணாடி போன்ற பெட்டியில் முத்திரை வைத்துக் கொடுப்பதே ஒரு தனித் தொழில் ஆகிவிட்டது!

இப்போது ஹாங்காங்கில் உள்ள "ஹாட் டாய்ஸ்" கம்பெனி, நடிகரின் முகச்சுருக்கம் வரை அப்படியே செய்கிறது. 2011-ல் கிறிஸ்டோபர் ரீவின் முகத்தோடு சூப்பர்மேன் வந்தது. ரீவ் 1995-ல் குதிரையில் இருந்து விழுந்து, கை கால் அசைவை இழந்தவர். 2004-ல் இறந்தார். பொம்மையில் அவர் அதே இளமையோடு, கைகளை இடுப்பில் ஊன்றி நிற்கிறார்.

மீகோவும் 2018-ல் மறுபடி வந்து விட்டது. அதே 8 அங்குலம், அதே துணி உடை. அனுபவப்பட்டவர்கள் இரண்டாக வாங்குகிறார்கள். ஒன்று அலமாரிக்கு. இன்னொன்று பேரனுக்கு!